விசுவமடுத் தம்பிக்கு: ஸ்டீம் டெக்கில் மொட் போடுவது பற்றி

தம்பி, உங்கள் கேள்வி எனக்கு விளங்கியது இப்படித்தான். ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா 256 ஜிபி ஸ்டீம் டெக் (வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கருவி, லினக்ஸில் ஓடுவது) ஒன்று தந்திருக்கிறார். அதில் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கேமைப் போட்டிருக்கிறீர்கள். யூடியூப்பில் வின்டோஸ் ஆட்கள் செய்வதைப் பார்த்து மொட் (கேமை மாற்ற ஆர்வலர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்கள்) போட்டால் கேம் திறக்கிறது, ஆனால் போட்ட மொட் ஒன்றையும் காணவில்லை. டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டர் வெறுமையாகக் கிடக்கிறது. டெர்மினலில் (கட்டளை எழுதும் திரை) கஷ்டப்பட்டு ஏற்றிய ஒரு புரோகிராம் அப்டேட் வந்த பிறகு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இந்தக் கோபத்தில் லினக்ஸைத் தூக்கிவிட்டு வின்டோஸ் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

போட வேண்டாம். வின்டோஸுக்கான டிரைவர்களை வால்வ் நிறுவனமே தருகிறது, ஏறும், ஓடும். ஆனால் பவர் பொத்தானை ஒருக்கா அழுத்தித் தூங்க வைத்து, நாளைக்கு எடுத்து அதே இடத்திலிருந்து விளையாடும் வசதி அங்கே இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது, வலது பக்கத்து மூன்று புள்ளிப் பொத்தானில் வரும் வாட் (சக்தி), ஃபிரேம் (பட வேகம்) கட்டுப்பாடுகளும் அப்படியே கிடைக்காது, அதைவிட வின்டோஸ் தன் அப்டேட்டுகளுக்கே உங்கள் டேட்டாவைக் குடித்துவிடும். உங்களுக்கு வந்த மூன்று பிரச்சினைக்கும் காரணம் ஒன்றுதான்: ஃபைல் எங்கே போய் விழுகிறது என்று தெரியாமல் வைத்திருக்கிறீர்கள். கொழும்பில் ஃபைபர் லைன் வைத்திருப்பவர் பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்ப இறக்குவார். ஸ்கைரிம் 12 ஜிபி. விசுவமடுவில் அதைத் திரும்ப இறக்குவது என்றால் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நாங்கள் முதலே இடம் பார்த்து வைக்கப் பழக வேண்டும்.

டெக்கில் மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது சிஸ்டம். ஸ்டீம் ஓஎஸ் 3 என்பது ஆர்ச் லினக்ஸை அடியாக வைத்துக் கட்டியது, அதன் சிஸ்டம் பகுதி வாசிக்க மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பகுதி இரண்டு பிரதிகளாக இருக்கிறது. நீங்கள் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் மற்றதில் முழுமையாக எழுதப்பட்டு, அடுத்த முறை போடும்போது டெக் அந்தப் புதியதிலிருந்து எழும்பும். பூட்டைத் திறந்து டெர்மினலில் நீங்கள் ஏற்றிய புரோகிராம் பழைய பிரதியோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். இது பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு அப்டேட் பிழைத்தால் பழைய பிரதிக்குத் திரும்பலாம். உங்கள் ஹோம் ஃபோல்டரை அப்டேட் தொடாது. புரோகிராம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப் மோடில் (சாதாரண கொம்பியூட்டர் திரை போல வரும் பக்கம்) இருக்கும் டிஸ்கவர் என்ற கடையிலிருந்து ஏற்றுங்கள். அது தரும் ஃபிளாட்பாக் வகைப் புரோகிராம்கள் சிஸ்டம் பகுதிக்குள் போவதில்லை, அதனால் எத்தனை அப்டேட் வந்தாலும் நிற்கும்.

இரண்டாவது இடம் கேமின் சொந்த ஃபோல்டர். டெஸ்க்டாப் மோடுக்குப் போய் டொல்ஃபின் என்ற ஃபைல் மனேஜரைத் திறந்து, மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஹோமுக்குள் புள்ளி லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஸ்டீம், அதற்குள் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் கொமன். அங்கே கேம்கள் பெயர் பெயராக வரிசையாக இருக்கும். இவ்வளவு நடக்கப் பஞ்சியாக இருந்தால் கேம் வாங்கும் ஸ்டீம் செயலியிலேயே கேமின் பெயரில் வலது கிளிக் செய்து அதன் ஃபைல்களைக் காட்டச் சொன்னாலும் நேரே அங்கே கொண்டுபோய் விடும்.

மூன்றாவது இடத்தைத்தான் நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள். ஸ்கைரிம் வின்டோஸுக்கு எழுதிய கேம். அதை லினக்ஸில் ஓட்டுவது புரோட்டான். 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டது, வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் கட்டியது. கேம் வின்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்கும், படம் வரைவதற்கான டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் வல்கனுக்கு மாற்றும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் ஓடினார். முதலில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், எடுத்த எடுப்பிலேயே மண்ணெண்ணெய் விட்டால் இன்ஜின் பிடிக்காது. இங்கேயும் அதே ஒழுங்குதான். கேமை இறக்கிய உடனே மொட் போடக்கூடாது. ஒன்றும் தொடாமல் ஒருக்கா ஓடவிட்டு, மெனு வந்து, புதிய விளையாட்டு ஒன்று தொடங்கி, சேவ் செய்து, வெளியே வாருங்கள். அந்த முதல் ஓட்டத்தில்தான் புரோட்டான் அந்தக் கேமுக்கென்று தனியாக ஒரு பொய் சி டிரைவ் கட்டுகிறது. பிரிஃபிக்ஸ் என்று சொல்வது இதைத்தான். செட்டிங்ஸ் ஃபைல்களும் அப்போதுதான் பிறக்கின்றன.

அந்தப் பிரிஃபிக்ஸ் இருப்பது ஸ்டீம்ஆப்ஸுக்குள் கொம்பாட்டேட்டா என்ற ஃபோல்டரில். அங்கே கேம்களுக்குப் பெயர் இருக்காது, இலக்கம்தான் இருக்கும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனின் இலக்கம் 489830. அதற்குள் பிஎஃப்எக்ஸ், பிறகு டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போனால் நீங்கள் தேடித் திரிந்த டொக்கியுமென்ட்ஸ் அங்கே இருக்கிறது, மை கேம்ஸும் சேவ் ஃபைல்களும் உள்ளே. வீடியோவில் வின்டோஸ் ஆட்கள் டொக்கியுமென்ட்ஸ் என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் இந்த இடத்தை நினைக்க வேண்டும். ஆப்டேட்டா என்று சொன்னாலும் அதே ஸ்டீம்யூசருக்குள்தான்.

சரி, மொட் ஏன் தெரியவில்லை? நீங்கள் இறக்கிய மொட்டின் ஈஎஸ்பி ஃபைலை ஸ்கைரிம் ஃபோல்டரில் இருக்கும் டேட்டா ஃபோல்டருக்குள் சரியாகத்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வைத்தால் மட்டும் போதாது, எந்தெந்த ஃபைலை ஏற்ற வேண்டும் என்று கேமுக்குச் சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிளகின்ஸ் என்ற பெயரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், ஆப்டேட்டாவுக்குள் லோக்கலில் ஸ்கைரிமின் பெயருள்ள ஃபோல்டரில் கிடக்கும். அதில் மொட்டின் ஃபைல் பெயர் இருக்க வேண்டும், பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்க வேண்டும். நட்சத்திரம் இல்லாவிட்டால் கேம் அந்த ஃபைலைத் திரும்பியும் பாராது. வின்டோஸில் இந்த வேலையை மொட்டுகளை நிர்வகிக்கும் மொட் மனேஜர் புரோகிராம் தானாகச் செய்துவிடுவதால் வீடியோவில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். வின்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாக எடுக்கும், லினக்ஸ் பொதுவாக இரண்டையும் வேறாகப் பார்க்கும். ஒரு மொட்டில் டெக்ஸ்சர்ஸ் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) ஃபோல்டரின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, மற்றதில் சிறிய எழுத்தில் தொடங்கி, இரண்டையும் ஓரிடத்தில் விரிக்கும்போது ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வந்து நின்றால் உள்ளடக்கத்தை ஒன்றுக்குள் சேர்த்துவிட்டு மற்றதை அழியுங்கள். பாதி உடுப்புக்குப் புதுப் படமும் பாதிக்குப் பழைய படமும் வருகிற வியாதிக்கு இதுவும் ஒரு காரணம்.

டெஸ்க்டாப் பக்கமே போகாமல் பழக வேண்டுமென்றால் ஒரு நேர்வழி இருக்கிறது. ஸ்கைரிமின் முதன்மை மெனுவிலேயே கிரியேஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, 2023 டிசம்பரில் வந்த மாற்றம் அது. ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டா நிறுவனத்தில் கணக்கு ஒன்று திறந்தால் இலவச மொட்டுகளை கேமுக்குள்ளிருந்தே எடுக்கலாம், பட்டியல் எழுதும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் பத்து நாளைக்கு இதில் விளையாடிப் பாருங்கள். எது பிடிக்கிறது, எது கேமைப் படுக்க வைக்கிறது என்று கை பழகிவிடும். ஆனால் நல்ல மொட்டுகள் பல எஸ்கேஎஸ்ஈ என்ற நீட்டிப்பைக் கேட்கும், அது கிரியேஷன்ஸில் இல்லை. அதை இறக்கி ஸ்கைரிமின் ஃபோல்டரில், கேமின் எக்ஸி ஃபைல் இருக்கும் அதே இடத்தில் விரிக்க வேண்டும். ஸ்டீம் கேமின் பழைய லோஞ்சரைத்தான் (கேமைத் தொடக்கும் சின்னப் புரோகிராம்) திறக்கும் என்பதால், அந்த லோஞ்சர் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு எஸ்கேஎஸ்ஈ லோடருக்கு லோஞ்சரின் பெயரைக் கொடுத்தால் விளையாடு பொத்தானை அழுத்தும்போது எஸ்கேஎஸ்ஈ எழும்பும். கேமின் வெர்ஷனும் எஸ்கேஎஸ்ஈயின் வெர்ஷனும் பொருந்த வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. கேம் அப்டேட் ஆகினால் எஸ்கேஎஸ்ஈயை நம்பிய மொட்டுகள் வரிசையாக விழும், ஆகவே ஸ்டீமில் ஸ்கைரிமின் அப்டேட் அமைப்பை, கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றிவிட்டு, விளையாடப் போகும்போது ஓஃப்லைன் மோடில் போடுங்கள். டேட்டாவும் மிச்சம்.

பத்துப் பதினைந்து மொட் வரைக்கும் கையால் போடுவதே நல்லது என்பது என் எண்ணம். எது எங்கே போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் கேமைத் திறந்து பாருங்கள். அதற்கு மேல் போனால் மொட் ஓர்கனைசர் 2 என்ற மொட் மனேஜர் வேண்டும். அது மொட்டுகளைக் கேமின் ஃபோல்டரில் கொட்டாமல் தன்னிடமே தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஓடும்போது மட்டும் கேமுக்குக் காட்டுகிறது, அதனால் மூல ஃபைல்கள் பழுதாகாது. லினக்ஸில் அதை ஏற்றுவதற்கென்றே ஆர்வலர்கள் செய்த நிறுவி இருக்கிறது. வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மொட் மனேஜர் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது பொதுவாக ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் காட்டும்) முறையில் வேலை செய்வதால் மொட் வைக்கும் ஃபோல்டரும் கேமும் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும். கேம் எஸ்டி கார்டிலும் மொட் உள் டிஸ்க்கிலும் இருந்தால் அந்த முறை ஓடாது. நெக்ஸஸ் என்ற மொட் தளத்தில் இருக்கும் கலெக்ஷன்களை (மொட் தொகுப்புகள்) பார்த்து ஆசைப்பட வேண்டாம், காசு கட்டாத கணக்கில் ஒவ்வொரு மொட்டுக்கும் தனித்தனியாகக் கிளிக் செய்துகொண்டிருக்க வேண்டும்.

படத்தை வடிவாக்கும் மொட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. டெக்கின் திரை 1280க்கு 800. அந்தத் திரையில் 4கே டெக்ஸ்சருக்கும் 2கே டெக்ஸ்சருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டேட்டாவுக்குத் தெரியும், மெமரிக்கும் தெரியும், ஏனென்றால் இருக்கிற 16 ஜிபியை சிபியூவும் கிராஃபிக்ஸும் பங்கு போடுகின்றன. 2கே, சிலதுக்கு 1கே கூடக் காணும். ஒளி நிழலை அழகாக்கும் ஈஎன்பி வகைகளை விட்டுவிடுங்கள், பற்றரியைத் தின்றுவிடும்.

ஸ்கைரிமோடு மல்லுக்கட்ட முதல் ஸ்டார்டியூ வேலி என்ற தோட்டக் கேமில் கை பழகியிருந்தால் இவ்வளவு நோகாது என்று சொல்வேன். ஒரு ஜிபியும் இல்லாத கேம், லினக்ஸுக்கென்றே வெளியான பதிப்பு இருக்கிறது, எஸ்மாபி என்ற மொட் லோடருக்கும் லினக்ஸ் நிறுவி இருக்கிறது, மொட்டுகளைக் கேமின் ஃபோல்டருக்குள் மொட்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்தால் வேலை முடிந்தது. ஒரேயொரு பொறி: ஸ்டீம் அமைப்பில் அந்தக் கேமைப் புரோட்டானில் ஓடச் சொல்லிவிட்டால் லினக்ஸ் பதிப்பு போய் வின்டோஸ் பதிப்பு இறங்கும், எஸ்மாபி வேலை செய்யாது, சேவ் ஃபைலும் வேறு இடத்தில் தேடப்படும். தங்கச்சியின் தோட்டம் முழுவதும் காணாமல் போனதாக ஒருவர் என்னிடம் பதறிக்கொண்டு வந்தார். ஒன்றும் போகவில்லை. புரோட்டானை எடுத்துவிட்டதும் கோழிக்கூடு வரைக்கும் அப்படியே இருந்தது.

வேறு சில கேம்களில் மொட் லோடர் ஒரு டிஎல்எல் (வின்டோஸ் புரோகிராம்கள் பயன்படுத்தும் துணை ஃபைல்) ஃபைலாக வரும். பெப்பின்எக்ஸ் என்ற லோடர் என்றால் வின்எச்டிடிபி, பழைய கேம்களின் ஏஎஸ்ஐ லோடர் என்றால் பெரும்பாலும் டிஇன்புட்8. இந்தப் பெயர்களில் வைனிடமும் சொந்த டிஎல்எல் இருப்பதால் புரோட்டான் தன்னுடையதை எடுத்துக்கொண்டு உங்களுடையதை விட்டுவிடும். டிஸ்கவரில் புரோட்டான்ட்ரிக்ஸ் என்று தேடி ஏற்றுங்கள். அதில் கேமைத் தெரிவு செய்து, வைனின் அமைப்புப் பக்கமான வைன்சிஎஃப்ஜியைத் திறந்து, லைப்ரரிஸ் பக்கத்தில் அந்த டிஎல்எல்லின் பெயரைச் சேர்த்தால் உங்கள் ஃபைல் முன்னுரிமை பெறும். மொட் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று வரும் கேள்விகளில் ஸ்கைரிம் அல்லாதவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இடம் மிச்சம் பிடிக்கும்போது கொம்பாட்டேட்டாவுக்குள் கை வைக்காதீர்கள். போன வருசம் உள் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நான் அங்கே இலக்கம் விளங்காத ஒரு பெரிய ஃபோல்டரை அழித்தேன். அது ஸ்டீமில் வாங்காமல் வெளியிலிருந்து சேர்த்த ஒரு கேமின் பிரிஃபிக்ஸ், அதற்குக் கிளவுட் சேவ் (இன்டர்நெட்டில் வைக்கும் சேவ் பிரதி) இல்லை, இரண்டு மாத விளையாட்டு ஒரு நொடியில் போனது. இன்றைக்கும் மனதுக்குள் கிடக்கிறது. வெளியிலிருந்து சேர்த்த கேம்களுக்கு ஸ்டீம் தானாக ஒரு நீண்ட இலக்கம் கொடுக்கும், அதைப் பார்த்து என்ன கேம் என்று சொல்ல முடியாது. புரோட்டான்ட்ரிக்ஸில் பார்த்தால் பெயரோடு காட்டும். கேமை எஸ்டி கார்டில் வைத்தாலும் பிரிஃபிக்ஸும் ஷேடர் கேஷும் (படம் வரையும் சின்னப் புரோகிராம்களின் சேமிப்பு) உள் டிஸ்க்கிலேயே சேர்ந்துகொண்டு வருவதையும் மறக்க வேண்டாம். மாதம் ஒருக்கா சேவ் ஃபோல்டர்களையும் இறக்கிய மொட் சிப் ஃபைல்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள்.

டேட்டாவுக்கு வருவோம். கேம் குழம்பிவிட்டால் அழித்துத் திரும்ப இறக்க வேண்டாம். ஸ்டீமில் கேமின் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அது பழுதான ஃபைல்களை மட்டும் இறக்கும். நீங்கள் புதிதாகச் சேர்த்த மொட் ஃபைல்களை அது தொடாது, ஆனால் மாற்றிய மூல ஃபைல்களைப் பழையபடி ஆக்கிவிடும், எஸ்கேஎஸ்ஈக்காகப் பெயர் மாற்றிய லோஞ்சரும் திரும்பி வந்துவிடும். அதைத் திரும்பவும் மாற்றினால் சரி. ஷேடர்களை முன்கூட்டி இறக்குவதை டெஸ்க்டாப் மோடில் ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் நிறுத்தலாம், நிறுத்தினால் சில கேம்கள் முதல் அரை மணித்தியாலம் கொஞ்சம் தடக்கித் தடக்கி ஓடும், பிறகு சரியாகிவிடும். அதைவிடப் பெரிய உதவி 2023இல் வந்த லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கொம்பியூட்டரில் அந்தக் கேம் ஏற்கெனவே இருந்தால் ஸ்டீம் அதை இன்டர்நெட்டிலிருந்து எடுக்காமல் அங்கிருந்தே இழுத்துக்கொள்ளும். உங்கள் கணக்கில் கேம் இருக்க வேண்டும், மற்ற ஆளின் அமைப்பில் மற்றவர்களுக்கும் அனுப்ப அனுமதி கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரண்டும் சூடும். கனடாவில் வாங்கியதென்றால் சார்ஜர் தட்டையான இரண்டு பின்னோடு வந்திருக்கும். அது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், டிரான்ஸ்போமர் தேவையில்லை, பின் மாற்றும் அடப்டர் ஒன்று போதும். ஐப்பசி இடி மின்னலில் மட்டும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். 35 பாகைக்கு மேல் வெளிச்சூடு போனால் டெக் தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கத் தொடங்கலாம் என்று வால்வ் 2022 கோடையில் சொன்னது. எங்கள் பக்கம் சித்திரை, வைகாசிப் பகல்களில் தகரக் கூரைக்குக் கீழே அதைத் தாண்டும். பகலில் விளையாடினால் மூன்று புள்ளிப் பொத்தானில் திரையை 40 ஹேர்ட்ஸுக்கும், சக்தியை 9 அல்லது 10 வாட்டுக்கும் கட்டுங்கள், ஸ்கைரிமுக்கு அது காணும், பற்றரியும் நீடிக்கும். பின்பக்கம் காற்று இழுக்கும், மேல்பக்கம் சூடு வெளியேறும், ஆகவே தலையணை மேல் வைத்து விளையாடாதீர்கள். கோடையில் வீதிப் புழுதி அந்தப் பின் துவாரத்தில் படியும், மென்மையான தூரிகையால் அடிக்கடி தட்டிவிடுங்கள்.

பப்ஜி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் பிசி பதிப்பு இதில் ஓடாது, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் விடாது. வலோரண்ட், ஃபோர்ட்நைட்டும் அப்படியே. ஜிடிஏ 5இன் தனியாள் கதை ஓடும், மொட்டும் போடலாம், ஆனால் 2024 செப்டம்பரிலிருந்து அதன் ஓன்லைன் பகுதி டெக்கில் இல்லை. எந்தக் கேமாக இருந்தாலும் மொட் போட்டபடி ஓன்லைனுக்குப் போகாதீர்கள், கணக்கு பறிபோகலாம்.

உங்கள் ஸ்கைரிம் இப்போது எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. முதலில் ஃபைல்களைச் சரிபார்த்து, பிறகு டேட்டா ஃபோல்டரிலிருந்து நீங்கள் போட்டவற்றை வெளியே எடுத்து, ஒன்றும் இல்லாமல் கேம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் ஞாயிறு பரந்தனால் வரும் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வாருங்கள், என் மடிக்கணினியில் முழுக் கேமும் இருக்கிறது, வீட்டு வைஃபையில் அரை மணித்தியாலத்தில் மாற்றிவிடலாம். வரும்போது டெக்கை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரையும் 32 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றையும் கொண்டுவாருங்கள். என்னிடம் இருக்கும் 2கே டெக்ஸ்சர்கள் எந்தெந்த மொட் என்று எழுதித் தருகிறேன், உங்கள் கணக்கில் இங்கேயே இறக்கிக்கொண்டு போகலாம்.